அலகு எட்டாத ஆழம்

பிச்சாவரம் சேற்றில் அலகை விட்டுத் துழாவும் உள்ளான்களைப் பார்த்தாலே எனக்கு ரெட் நாட் நினைவுக்கு வரும். அதுவும் உள்ளான் வகைதான். ரஷ்ய ஆர்க்டிக்கில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்துக்கு மேற்கு ஆப்பிரிக்காவின் மௌரித்தானியா வரை போகும். ஆர்க்டிக்கில் இப்போது பனி சீக்கிரமே உருகிவிடுகிறது. பூச்சிகள் பெருகும் நாட்கள் முந்திக்கொள்ள, குஞ்சுகளுக்கு இரை போதவில்லை. உடல் சிறுத்து, அலகும் குட்டையாகிறது. அப்புறம் மௌரித்தானியாவில் சேற்றுக்குள் ஆழத்தில் கிடக்கும் மட்டி அந்த அலகுக்கு எட்டுவதில்லை. முதல் ஆண்டிலேயே பல செத்துப்போகின்றன. 2016-இல் வெளியான ஆய்வு இது. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

உடல் சிறுப்பது ரெட் நாட்டோடு நிற்கவில்லை. சிகாகோவில் கட்டடங்களில் மோதி இறந்த 70,716 பறவைகளை டேவிட் வில்லார்ட் என்ற ஒரே மனிதர் அளந்தார். 1978 முதல் 2016 வரை கால் எலும்பு 2.4 சதவீதம் குறுகியிருக்கிறது, இறக்கையோ 1.3 சதவீதம் நீண்டிருக்கிறது. என்ன பொறுமை!

நம் பக்கம் வரும் உள்ளான்களையும் யாராவது இப்படி விடாமல் அளக்க வேண்டும். உதவிக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.