நானூறு மீட்டர்

2024 ஆகஸ்ட் 6, செவ்வாய்

இன்று காலை பற்பசை மூடியைத் திறக்க முடியவில்லை. மகள் எழ இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது, எழுப்ப மனம் வரவில்லை. பல்லால் கடித்துத் திறந்தேன்.

மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் என்று டாக்டர் சொல்லி 6 வருடமாகிறது. விடிந்ததும் விரலும் மணிக்கட்டும் இறுகிக் கிடக்கும். சுடுதண்ணீரில் அரை மணி நேரம் வைத்தால்தான் இளகும். அம்மா இன்னமும் 'வாதம்தானே, எண்ணெய் தேய்' என்கிறார். தேய்க்கிறேன், அவர் மனம் நோகக்கூடாதென்று. வேலை செய்வது வாரம் ஒருமுறை போடும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரைதான்.

கம்பெனி பஸ் மலேசியாவின் பினாங்கில், பாயான் லெப்பாஸில் இருக்கும் எங்கள் தொழிற்சாலையின் கார்டு போஸ்ட் (காவல் சாவடி) வாசலில் இறக்கிவிடும். அங்கிருந்து என் மேசைக்கு ஏறக்குறைய 400 மீட்டர். முன்பெல்லாம் 5 நிமிடம். இன்று 25 நிமிடம் ஆனது. மூன்று இடத்தில் நின்றேன். மூன்றாவது தடவை மோட்டார் சைக்கிள் கொட்டகைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, முட்டியில் துடிப்பது காதில் கேட்பதுபோல் இருந்தது. சூப்பர்வைசர் ஒன்றும் சொல்லவில்லை. கடிகாரத்தை மட்டும் பார்த்தார்.

14 வருட வேலை. இதை விட மாட்டேன். மின்சார சக்கர நாற்காலி வாங்கப்போகிறேன். பின்வாங்காமல் இருக்கத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

விடுப்பு எடுத்துக்கொண்டு ஜார்ஜ்டவுனில் ஒரு கடைக்குப் போனேன். 'கையால தள்ளுறது 350 வெள்ளி (ரிங்கிட்)தான் அக்கா, இதுவே போதும்' என்றார் கடைக்காரத் தம்பி. உட்கார்ந்து சக்கரத்தைத் தள்ளிப் பார்த்தேன். நாலாவது தள்ளலில் வலது மணிக்கட்டில் கத்தி வைத்ததுபோல் இருந்தது. சக்கரம் வைத்த நடைவண்டியையும் பார்த்தேன். அதற்குப் பிரேக் பிடிக்க விரலை மடக்க வேண்டும், உடம்புப் பாரமும் மணிக்கட்டில்தான் இறங்கும். எனக்குக் காலும் கையும் சேர்ந்தே கெட்டிருக்கிறது என்பதைத் தம்பிக்குப் புரியவைக்கவே கால் மணி நேரமானது. மடக்கக்கூடிய மின்சார நாற்காலிக்கு 3,900 வெள்ளி என்று எழுதிக் கொடுத்தார்.

அந்தத் தாளோடு, பண உதவி கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, 'நடந்துதானே வந்தீங்க?' என்றார்.

ஆமாம், நடந்துதான் வந்தேன். என் ஓகேயு (மாற்றுத்திறனாளி) அட்டையைக்கூடக் காட்டாமல் திரும்பிவிட்டேன். நடக்கவே முடியாதவர்களுக்குப் போக வேண்டியதை நான் கேட்கிறேனோ என்ற எண்ணம் வழி முழுக்க அரித்தது. கொம்தார் பஸ் நிலையத்தில் காத்திருந்தபோது அழுதேன்.

செப்டம்பர் 12, வியாழன்

இன்றைக்கு நடந்ததை விரிவாக எழுத வேண்டும். என்னைப் போலத் தேடுகிற யாருக்காவது உதவும்.

அரசாங்க மருத்துவமனையில் மூட்டுநோய் கிளினிக். டாக்டரிடம் கவுண்டரில் நடந்ததைச் சொன்னேன். அவர் உடனே, அன்றாட வேலைகளைச் செய்ய வழிகாட்டும் தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவுக்குக் கடிதம் எழுதினார். 'அப்படியே மருத்துவ சமூகப் பணி அதிகாரியையும் பார்த்துவிட்டுப் போங்கள்' என்றார். ஆறு வருடமாக இதே கட்டடத்துக்கு வருகிறேன். அப்படி ஒரு பிரிவு இருப்பதே எனக்குத் தெரியாது.

சிகிச்சையாளர் சின்னப் பெண், மலாய்க்காரர். முதலில் ஒரு கருவியைக் கையில் கொடுத்து அழுத்தச் சொன்னார். வலது கையில் முள் கொஞ்சம்தான் அசைந்தது. பிறகு நடக்கவிட்டு, எங்கே நிற்கிறேன் என்று பார்த்தார். உட்காரவைத்து இடுப்பை அளந்தார், தொடைக்கும் கைப்பிடிக்கும் நடுவில் தன் விரலை விட்டுப் பார்த்தார். நாற்காலி அகலமாக இருந்தால் சாய்ந்து சாய்ந்து முதுகு கெடுமாம், குறுகலாக இருந்தால் தோல் உரசுமாம். இயக்கும் குமிழை இடது பக்கம் மாற்றி வாங்கச் சொன்னார். குமிழிலிருந்து கையை எடுத்தாலே மோட்டார் பிரேக் பிடித்துக்கொள்ளும், விரலால் எதையும் இறுக்க வேண்டியதில்லை. இந்த ஒன்றுக்காகவே எனக்கு அந்த நாற்காலி வேண்டும்.

ஒரு கண்டிப்பும் உண்டு. வீட்டுக்குள் நடந்தே ஆக வேண்டும். எந்நேரமும் உட்கார்ந்தே இருந்தால் தொடைத் தசை தேய்ந்து முட்டி இன்னும் மோசமாகும்.

அப்புறம் சமூகப் பணி அதிகாரி. நம் தமிழ்ப் பெண்தான். நான் பழக்கத்தில், 'நடக்க முடியும் மேடம், ஆனால்...' என்று இழுத்தேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். 'அக்கா, முடியுமா முடியாதான்னு சொல்லாதீங்க. எத்தனை மீட்டர், எத்தனை நிமிஷம், அதுக்கப்புறம் என்ன ஆகுதுன்னு சொல்லுங்க.'

சொன்னேன். ஒரே மூச்சில் 100 மீட்டர். பிறகு 5 நிமிடம் நிற்க வேண்டும். 400 மீட்டர் நடந்த நாளில், மதியம் வரை பேனா பிடிக்க முடியாது. சாயங்காலம் சமைக்க முடியாது. அவர் எழுத எழுத, இது என் கதைதானா என்று இருந்தது. இவ்வளவையும் நான் யாரிடமும் வரிசையாகச் சொன்னதே இல்லை, வீட்டுக்காரரிடம்கூட.

சமூக நல இலாகாவிலும் துணைக்கருவிகளுக்கு உதவி உண்டு என்றார். அதற்கு ஓகேயு அட்டை, டாக்டர் சிபாரிசு, கடையின் விலைப்பட்டியல், சம்பளச் சீட்டு வேண்டும். இருவர் சம்பளம் இருப்பதால் முழுத்தொகை கிடைப்பது கடினம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். முதலில் மருத்துவமனை வழியாகவே ஓர் உதவி நிதிக்கு எழுதிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

செப்டம்பர் 15, ஞாயிறு

அந்த நிதிக்கான விண்ணப்பக் கடிதம் மலாயில் எழுதினோம். மகள் என் வாக்கியங்களைத் திருத்தினாள். 'தயவுசெய்து இந்த ஏழையின் மேல் இரக்கம் காட்டி' என்று நான் தொடங்கியிருந்ததை அடித்துவிட்டு, '100 மீட்டர்' என்று ஆரம்பித்தாள். 'இது போதும்மா' என்றாள்.

அக்டோபர் 30, புதன்

நாளை தீபாவளி. முறுக்கு அச்சை மகள் பிழிந்தாள், நான் எண்ணெய்ப் பக்கத்தில் நாற்காலி போட்டுத் திருப்பிப் போட்டேன். கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை.

டிசம்பர் 10, செவ்வாய்

கடிதத்துக்குப் பதிலாகப் போன் வந்தது. உதவி நிதியிலிருந்து 2,000 வெள்ளி, நேராகக் கடைக்கே போகும். மீதி 1,900.

என் ஓய்வுகாலச் சேமநிதியான இபிஎப்பில் இந்த வருடம் மே மாதம் வந்த நெகிழ்வுக் கணக்கிலிருந்து 1,200 எடுத்தேன். கிழவியான பிறகு சாப்பிட வைத்த பணம், அதைத் தொடும்போது மனம் கூசியது. ஆனால் வேலை போனால் அந்தக் கணக்கில் போட ஒன்றும் வராது.

700 இடித்தது. மதிய இடைவேளையில் என் பிரிவில் இருக்கும் அக்காமாரிடம் வாய் திறந்தேன். வாசலிலிருந்து நான் வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். 'நீ கேக்கணும்னுதான் இருந்தோம். நாங்களா குடுத்தா உனக்குச் சங்கடமா இருக்குமேன்னு' என்றார் ஒருவர். சாயங்காலத்துக்குள் ஓர் அங்பாவ் (அன்பளிப்புப் பண) உறைக்குள் 740 வெள்ளி. மேலதிகம் 40ஐத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கவில்லை. இரண்டு வருடமாக இந்த மனிதர்களிடம் 'நல்லா இருக்கேன்' என்றே சொல்லி வந்திருக்கிறேன்.

2025 ஜனவரி 22, புதன்

வந்துவிட்டது. 26 கிலோ. லிஃப்டில் நுழைந்தது, திரும்பத்தான் இடமில்லை; பின்பக்கமாக வெளியே வரப் பழகினேன். ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஓகேயு துணைக்கருவிக்கு 6,000 வெள்ளி வரை வரிவிலக்கு உண்டு, வீட்டுக்காரர் கணக்கில் காட்டலாம்.

கம்பெனியில் நாற்காலியைக் கார்டு போஸ்டிலேயே வைத்துச் சார்ஜ் போட அனுமதி கொடுத்துவிட்டார்கள். வாசலிலிருந்து மேசைக்கு 6 நிமிடம். உட்கார்ந்ததும் பேனாவை எடுத்துத் தேதி எழுதிப் பார்த்தேன். எழுத்து கோணவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

நாளை தைப்பூசம். தண்ணீர்மலை முருகனைப் பார்க்க 513 படி ஏறிய கால் இது. நான் அங்கே ஏறி எட்டு வருடம் இருக்கும். தேர் பார்க்கவும் மூன்று வருடமாகப் போகவில்லை, நிற்க முடியாது என்பதால்.

இந்த வாரம் மட்டும் நாற்காலியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். டத்தோ கிராமட் சாலை ஓரத்தில் இடம் பிடித்தோம். தேர் நெருங்க நெருங்கத் தேங்காய் உடைபடும் சத்தம். தார்ச்சாலை முழுக்க இளநீர் ஓடி, சிரட்டையும் சில்லுமாகக் கிடந்தது. இன்னும் முன்னால் போக வேண்டும் என்றேன். மகள் குனிந்து, செருப்புக் காலால் சிரட்டைகளை இரண்டு பக்கமும் ஒதுக்கிக்கொண்டே முன்னால் நடந்தாள். நான் குமிழைத் தள்ளி அவள் பின்னாலேயே போனேன்.