ஜெர்மனிக்கு முதல் செமஸ்டர்: முதலில் அறை, அப்புறம் டிக்கெட்

விசா கைக்கு வந்த அன்றே விமான டிக்கெட் தேட உட்காருவதுதான் வழக்கம். ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்கள் இந்த வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். அங்கே இறங்கிய முதல் இரண்டு வாரத்தில் செய்ய வேண்டிய ஒவ்வொரு வேலைக்கும் இன்னொரு தாள் கேட்பார்கள். அந்தத் தாளுக்கு வேறொரு தாள். இழுத்துக்கொண்டே போனால் எல்லாம் போய் நிற்கும் இடம் ஒன்றுதான்: உங்கள் பெயரில் ஒரு முகவரி.

வீட்டுக்குக் குடிவந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். இதற்குப் பெயர் அன்மெல்டுங். பாஸ்போர்ட்டோடு, 'இவர் இந்தத் தேதியில் இங்கே குடிவந்தார்' என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்றும் வேண்டும். வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் போதாது, இது தனித் தாள். சுற்றுலாப் பயணிகள் தங்கும் ஹாஸ்டலிலும் சில நாள் வாடகை அறைகளிலும் பெரும்பாலும் இதைத் தர மாட்டார்கள். அதனால் அறை பேசும்போது முதல் கேள்வி வாடகை அல்ல, 'பதிவுக்குச் சான்று தருவீர்களா?' என்பதுதான். தயங்கினால் வேறு அறை பாருங்கள். காசு வாங்கிக்கொண்டு முகவரி மட்டும் தருகிறவர்கள் இருக்கிறார்கள். குடியிருக்காத இடத்தில் பதிவு செய்வது அபராதத்துக்குரிய குற்றம்.

பெர்லின் போன்ற நகரங்களில் பதிவுக்கான நேரம் இரண்டு வாரத்துக்குள் கிடைப்பதே கஷ்டம். அறை உறுதியான உடனே, ஊரில் இருக்கும்போதே ஆன்லைனில் நேரம் எடுத்துவிடுங்கள். காலை ஏழு, எட்டு மணிக்குப் பார்த்தால் ரத்தான இடங்கள் திறந்திருக்கும். நேரம் தள்ளிக் கிடைத்தால், முயன்றதற்கு ஆதாரமாக அந்த உறுதி மின்னஞ்சலை வைத்துக்கொள்ளுங்கள்.

அறைக்கு முன்பணம், அதாவது கவுட்சியோன், சட்டப்படி மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் கேட்க முடியாது. அடிப்படை வாடகை என்பது வெப்பமூட்டல், தண்ணீர் போன்ற செலவு சேராத தொகை. அதையும் மூன்று மாதத் தவணையாகக் கட்டும் உரிமை வாடகைக்காரருக்கு உண்டு. 'நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்புங்கள், சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்' என்று யாராவது எழுதினால் அது மோசடி. படம் அழகாகவும் வாடகை மலிவாகவும் இருந்தால் சந்தேகம் இன்னும் கூட வேண்டும்.

இனி டிக்கெட். குளிர்கால செமஸ்டர் கணக்குப்படி பெரும்பாலும் அக்டோபர் 1-ல் தொடங்கும். பல்கலைக்கழகங்களில் வகுப்பு பெரும்பாலும் அக்டோபர் நடுவில்தான், ஆனால் அறிமுக வாரம் அதற்கு முன்பே வந்துவிடும். மாணவர் விடுதி ஒப்பந்தம் மாதத்தின் முதல் தேதியில் தொடங்கும். 28-ஆம் தேதி போய் நின்றால் சாவி கிடைக்காது. சாவி தரும் ஹவுஸ்மைஸ்டர், அதாவது விடுதிப் பராமரிப்பாளர், வார நாட்களில் சில மணி நேரம்தான் இருப்பார். செப்டம்பர் கடைசியில் மியூனிக்கில் அக்டோபர்ஃபெஸ்ட் நடப்பதால் ஹாஸ்டல் படுக்கைக்கே ஹோட்டல் விலை சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். அக்டோபர் 3 தேசிய விடுமுறை. சனி இரவு இறங்கினால் போர்வையும் இல்லை, அரிசியும் இல்லை. திங்கள் முதல் புதன் வரை, காலையில் இறங்கும் விமானமே நல்லது. டிக்கெட் இரண்டாயிரம் ரூபாய் கூட இருந்தாலும் அதையே எடுங்கள்.

பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் வழியாகப் போனால் குடிவரவுச் சோதனை அங்கேயே நடக்கும், ஜெர்மனியில் அல்ல. துபாய், தோஹா வழியென்றால் ஜெர்மனியில். எப்படியானாலும் பாஸ்போர்ட், சேர்க்கைக் கடிதம், பிளாக்டு அக்கவுண்ட் (மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டும் எடுக்க முடிகிற கணக்கு) உறுதித்தாள், காப்பீடு, தங்குமிட முகவரி ஐந்தும் கைப்பையில் இருக்க வேண்டும். ஏபிஎஸ் சான்றிதழும் (இந்தியக் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது), மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்று ஆகியவற்றின் அசலும் கைப்பையில்தான். பெட்டி ஒரு வாரம் கழித்து வந்தால் உடை இல்லாமல் சமாளிக்கலாம், அசல் இல்லாமல் சேர்க்கை நடக்காது.

பெட்டிக்குள் என்ன போகக்கூடாது என்பதில்தான் அம்மாக்களோடு சண்டை வரும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகத் தடை. நெய், பனீர் இரண்டும் இதில் அடக்கம். பால்கோவாவையும் தவிருங்கள். மீனுக்கு விதி வேறு, குடல் நீக்கிய கருவாடு 20 கிலோ வரை போகலாம் (வாசனைக்குப் பக்கத்து அறைக்காரர் என்ன சொல்வார் என்பது தனிக் கதை). பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்று வேண்டும், ஆகவே விட்டுவிடுங்கள். துபாய் வழியாகப் போகிறவர்கள் கசகசாவை ஒரு பொட்டலம்கூட எடுக்காதீர்கள். அமீரகத்தில் அது போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும். பவர் பேங்க் கைப்பையில் மட்டும். ஊறுகாய் பாட்டிலைப் பெட்டியில் போடுங்கள், கைப்பையில் இருந்தால் 100 மில்லி விதியில் சிக்கும்.

அரிசி, பருப்புக்காகக் கிலோக்களை வீணாக்க வேண்டாம். ஈழத்தமிழர் கடைகள் பல நகரங்களில் உண்டு, ரூர் பகுதியில் நிறையவே. அதற்குப் பதில் அடி தட்டையான, இண்டக்‌ஷனுக்கு ஏற்ற மூன்று லிட்டர் ஸ்டீல் குக்கரும் இரண்டு உபரி கேஸ்கட்டும் எடுங்கள். அந்த அளவு கேஸ்கட் அங்கே எளிதில் கிடைக்காது. நம் மூன்று முனைப் பிளக் அங்குள்ள சாக்கெட்டில் நுழையாது, அடாப்டர் கட்டாயம்.

ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி வேறு ஊருக்குப் போகிறவர்கள் மலிவான ஷ்பார்பிரைஸ் ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்து ஏமாறுவதுண்டு. அது குறிப்பிட்ட ஒரு ரயிலுக்கு மட்டும் செல்லும். தனியாக எடுத்த விமானம் தாமதமானால் அந்தப் பணம் போனதுதான். விமானம் இறங்கும் நேரத்துக்கும் ரயிலுக்கும் நடுவே மூன்று மணி நேரமாவது விடுங்கள், அல்லது எந்த ரயிலிலும் ஏறலாம் என்ற ஃபிளெக்ஸ்பிரைஸ் எடுங்கள். நாடு முழுதும் உள்ளூர், பிராந்தியப் போக்குவரத்தில் செல்லும் மாதச் சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் 2026 ஜனவரியிலிருந்து மாதம் 63 யூரோ. அதில் ஐசிஇ, ஐசி என்ற நெடுந்தூர ரயில்களில் ஏற முடியாது. அது சந்தா, நிறுத்த வேண்டுமென்றால் அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும்.

பணம். பிளாக்டு அக்கவுண்டில் போட்ட 11,904 யூரோவிலிருந்து மாதம் 992 யூரோதான் வெளியே வரும். அதுவும் ஜெர்மன் நடப்புக் கணக்கின் ஐபான் எண்ணை (சர்வதேச வங்கிக் கணக்கு எண்) கொடுத்து, கணக்கை இயக்கத்துக்குக் கொண்டுவந்த பிறகு. சில வங்கிகள் அன்மெல்டுங் தாள் இல்லாமல் கணக்கு திறக்காது. முகவரி தாமதமானால் பணமும் தாமதம். முன்பணம், முதல் வாடகை, செமஸ்டர் கட்டணம், சாப்பாடு எல்லாச் செலவும் அதற்கு முன்பே வந்து நிற்கும். ஃபாரெக்ஸ் கார்டில் 1,500 யூரோவும் கையில் 200, 300 யூரோ ரொக்கமும் இருந்தால் மூச்சு விடலாம். சின்னக் கடைகள் சிலவற்றில் நம் கார்டு எடுபடாது.

மருத்துவக் காப்பீட்டில் ஓர் இடைவெளி ஒளிந்திருக்கிறது. அரசு சார்ந்த மாணவர் காப்பீடு செமஸ்டர் தொடங்கும் நாளில்தான் உயிர்பெறும், சேர்க்கை தாமதமானால் அந்த நாளில். செப்டம்பர் 10-ல் போய் இறங்கினால் இருபது நாள் வெறுங்கை. விசாவுக்காக எடுக்கும் பயணக் காப்பீடு அதுவரை நீள்கிறதா என்று பாருங்கள். பல்கலைக்கழகத்துக்கு உங்கள் காப்பீட்டு நிலையைக் காப்பீட்டு நிறுவனமே எம்10 என்ற மின்னணு அறிவிப்பாக அனுப்பும். நீங்கள் அச்சிட்டுக் கொண்டுபோகும் தாளுக்கு மதிப்பில்லை. 30 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் மலிவு என்று தனியார் காப்பீட்டுக்காக அரசு சார்ந்த காப்பீட்டிலிருந்து விலக்கு எழுதிக் கொடுத்துவிட்டால், அந்தப் படிப்பு முடியும்வரை திரும்ப வழியில்லை.

எம்10 சேராமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் பெயர். நமக்கு முதலெழுத்துதான் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர் கட்டத்தில் இருக்கும், விண்ணப்பத்தில் அதையே சுருக்கி எழுதியிருப்போம். இரண்டும் வேறு ஆள் என்று கணினி முடிவு செய்துவிடும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து பல்கலைக்கழகம், காப்பீடு, வங்கி, வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றிலும் எழுதுங்கள். அலுவலகக் காத்திருப்பு அறையில் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். சட்டென்று எழுந்து போங்கள்.

விசா பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதத்துக்குத்தான் இருக்கும். அது முடிவதற்குள் வெளிநாட்டினர் அலுவலகத்தில் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும், நேரம் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகும். அன்மெல்டுங் முடிந்த அன்றே விண்ணப்பியுங்கள். முடிவு வர விசா காலம் தாண்டினால், இடைக்காலச் சான்று ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

அறைக்குள் நுழைந்ததும் செய்ய வேண்டிய வேலை ஒன்று மிச்சம். தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் உங்கள் பெயரை ஒட்டுங்கள். பெயர் இல்லாத பெட்டியில் தபால்காரர் போட மாட்டார், திருப்பி அனுப்பிவிடுவார். வரி எண், வங்கிக் கார்டு, அதன் ரகசிய எண், காப்பீட்டு அட்டை எல்லாம் வருவது தபாலில்தான். கொஞ்ச நாளில் ஒலிபரப்புக் கட்டணம் கேட்டும் கடிதம் வரும். வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, டிவி இல்லாவிட்டாலும். ஏதோ விளம்பரம் என்று கிழித்துப் போடாதீர்கள். ஒரே வீட்டில் இன்னொருவர் ஏற்கெனவே கட்டினால் அவருடைய கட்டண எண்ணை எழுதி அனுப்பினால் போதும்.