முட்டை மிதக்குமா? தரம் 4 செயற்பாட்டு நாட்குறிப்பு

ஜூன் 16, 2025, திங்கள்

மட்டக்களப்பு. தரம் 4, சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள். இன்று மிதத்தலும் அமிழ்தலும். பிள்ளைகள் 32 பேர், குழுக்கள் 8. ஒரு குழுவில் நாலு பேருக்கு மேல் வேண்டாம். ஒருவர் பொருள் எடுப்பார், ஒருவர் அளப்பார், ஒருவர் செய்வார், ஒருவர் எழுதுவார். அடுத்த முறை வேலை மாறும். ஆறு பேரை இருத்தினால் இரண்டு பேர் சும்மா இருக்க நேரும். அவர்களின் குழப்படிக்குக் காரணம் அந்தப் பிள்ளைகள் அல்ல, வேலை இல்லாமைதான்.

ஒரு குழுவுக்கு வேண்டியவை: மேல்பகுதி வெட்டிய அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல், 300 மில்லிலீற்றர் குழாய்த் தண்ணீர், அவித்த முட்டை ஒன்று, தூள் உப்பு, ஒரே அளவுத் தேக்கரண்டி. வெட்டிய விளிம்பில் டேப் ஒட்டவும், கையைக் கீறும். தண்ணீரைக் குறைத்தால் முட்டை அடியில் தட்டி நிற்கும், மிதக்கிறதா என்று சொல்ல முடியாது.

உப்புப் போடும் முன் ஒவ்வொருவரும் கொப்பியில் எழுதவேண்டும்: “எத்தனையாவது கரண்டியில் முட்டை எழும்பும்? ஏன்?” வாயால் கேட்டால் கெட்டிக்காரப் பிள்ளை சொன்னதையே வகுப்பு முழுவதும் திருப்பிச் சொல்லும். எழுதிவிட்டால் அது அந்தப் பிள்ளையின் சொந்தக் கணிப்பு. பிறகு முட்டையைப் பார்க்கும் கண்ணே வேறாக இருக்கும்.

மட்டமாக வழித்த கரண்டியால் ஐந்து முதல் ஏழு வரை போனபோது எழும்பியது. ஒரு குழுவில் பத்துப் போட்டும் அசையவில்லை. அவர்கள் கொண்டுவந்தது கல்லுப்பு. கரையாமல் அடியில் கிடந்தது. இன்னொரு குழுவில் உப்புப் போடாமலே முட்டை நிமிர்ந்து நின்றது. பழைய முட்டை. ஓட்டினூடாக ஈரம் போகப் போக உள்ளே காற்றறை பெருக்கும், முட்டை இலேசாகும். புதிதாக வாங்கிய முட்டையையே கொடுக்கவேண்டும்.

ஜூன் 17, செவ்வாய்

நேற்றையதன் தொடர்ச்சி, இதுதான் இந்தப் பாடத்தின் உயிர். கல்லடிக் கடலில் எடுத்த நீர் ஒரு போத்தல், பாலத்தடியில் எடுத்த வாவி நீர் ஒரு போத்தல். கேள்வி ஒன்றே: “கடல் நீரில் முட்டை மிதக்குமா?”

கடற்கரைப் பிள்ளைகள் பெரும்பாலும் “மிதக்கும்” என்றே எழுதுவார்கள். கடலில் உடம்பு இலேசாவதை அறிந்தவர்கள் அல்லவா. ஆனால் புது முட்டை கடல் நீரில் தாழும். கடல் நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. முட்டையைத் தூக்க லீற்றருக்கு 100 கிராமுக்கு மேல் வேண்டும். பிள்ளைகளின் கணக்கில் சொன்னால், 300 மில்லிலீற்றர் கடல் நீரில் உள்ள உப்பு இரண்டு கரண்டிக்கும் சற்றுக் குறைவு. நேற்று ஐந்தாவது கரண்டிக்குப் பிறகுதானே எழும்பியது? இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கும்வரை விடையைச் சொல்லக்கூடாது.

கேள்வி கேட்டபின் மனதுக்குள் மூன்று எண்ணவும். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று விநாடியாக்கினால் விடைகள் நீளும், பேசாத பிள்ளைகளும் பேசுவார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் காட்டினார். மூன்று விநாடி வகுப்பறையில் மிக நீளமாகத் தெரியும். பொறுக்கவேண்டும்.

வாவி நீரின் உப்பு நிலையானதல்ல. மாரியில் வெள்ளம் இறங்கினால் குறையும். முகத்துவாரத்துக்கு அண்மையில் எடுத்தால் கூடும். எடுத்த இடத்தையும் திகதியையும் போத்தலில் எழுதி ஒட்டாவிட்டால் மார்கழியில் ஒப்பிட வழியில்லை.

ஜூன் 19, வியாழன்

ஆவியாதல். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதம் இதற்குத் தோதானது. 20 மில்லிலீற்றர் நீர் அகன்ற தட்டில், அதே அளவு கிளாசில். இரண்டும் ஒரே வெயிலில். இடைவேளைக்குப் பிறகு தட்டு கிட்டத்தட்டக் காய்ந்திருந்தது, கிளாசில் மாற்றம் கண்ணுக்குத் தெரியவில்லை. நீர்மட்டத்தைப் பேனாவால் குறித்து வைக்கவும். காகத்துக்கு ஒரு பிள்ளையைக் காவல் வைக்கவும்.

ஜூன் 23, திங்கள்

பாசிப்பயறு முளைத்தல். திங்களில் தொடங்கினால்தான் வெள்ளிக்குள் முடியும். வார நடுவில் தொடங்கினால் சனி ஞாயிறில் பஞ்சு காய்ந்து எல்லாம் பாழ்.

நான்கு யோகட் கோப்பை, ஒவ்வொன்றிலும் பத்துப் பயறு. முதலாவது: ஈரப்பஞ்சு, வெளிச்சம். இரண்டாவது: ஈரப்பஞ்சு, மேலே பெட்டி கவிழ்த்து இருட்டு. மூன்றாவது: உலர்ந்த பஞ்சு. நான்காவது: கொதித்து ஆறிய நீரில் முழுகிய பயறு, மேலே அரைக் கரண்டி எண்ணெய். ஈரப்பஞ்சுக்கு இரண்டு தேக்கரண்டி நீர் போதும்.

இதில் வழமையாக நடக்கும் பிழை, சீக்கிரம் முளைக்கட்டும் என்று முதல் இரவே பயறை ஊறப்போடுவது. ஊறிய பயறு உலர்ந்த பஞ்சிலும் முளைவிடும். நீர் தேவையில்லை என்று பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். நான்காவதில் எண்ணெய் இல்லாமல் வெறும் குழாய் நீர் ஊற்றினால் அதில் கரைந்துள்ள காற்றைக் கொண்டு சிலது வேர்விடும். உடைத்த பயற்றம்பருப்பையும் சில வீட்டார் கொடுத்துவிடுகிறார்கள். அதைத் தூக்கி எறியாமல் ஐந்தாவது கோப்பையில் போடலாம், நல்ல கேள்வி பிறக்கும்.

ஜூன் 25, புதன்

வேர் வந்துவிட்டது. “நட்சத்திரம் தருவீங்களா, ரீச்சர்?” என்று ஒரு பிள்ளை கேட்டது.

ஸ்டிக்கர், நட்சத்திரம் பற்றி ஒரு வார்த்தை. உளவியலாளர்கள் லெப்பரும் கிரீனும் நிஸ்பெட்டும் 1973இல் வெளியிட்ட ஆய்வில், படம் கீற விருப்பமுள்ள பாலர்களில் ஒரு பகுதியினருக்குப் பரிசு தருவதாக முன்பே சொன்னார்கள். பரிசு முடிந்தபின் அந்தப் பிள்ளைகளே தாமாகக் கீறுவது குறைந்தது. முன்பே சொல்லப்படாமல் பரிசு பெற்ற பிள்ளைகளிடம் அந்தக் குறைவு இல்லை. ஆகவே “சரியாகச் சொன்னால் நட்சத்திரம்” என்பதைக் கணிப்பு எழுதும் வேளையில் நிச்சயம் தவிர்க்கவேண்டும். பிழைக்குப் பயந்த பிள்ளை, முட்டையைப் பார்த்தபின் கணிப்பை அழித்து எழுதும். அழிறப்பரை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். பிழையான கணிப்பின் கீழே “நடந்தது” என்று எழுதப் பழக்குங்கள். புலமைப்பரிசில் பரீட்சை நெருக்கும் தரம் 5இல் இந்தப் பழக்கத்தைத் தொடங்குவது கடினம், 3இலும் 4இலும் போடவேண்டும்.

ஜூன் 27, வெள்ளி

எண்ணிக்கை. வெளிச்சத்திலும் இருட்டிலும் பயறு முளைத்தது. உலர்ந்ததில் ஒன்றும் இல்லை. எண்ணெய்க்குக் கீழே ஊதிக் கிடந்தது, சிறிது மணமும் வந்தது.

“வெளிச்சம் இல்லாவிட்டால் முளைக்காது” என்று எழுதியவர்களே இருட்டுக் கோப்பையை நெருங்கிப் பார்த்தார்கள். அதிலுள்ள நாற்று வெளிறி, மற்றதைவிட உயரமாக இருந்தது. முளைக்க வித்துக்குள் இருக்கும் உணவு போதும். பச்சைக்கும் தொடர்ந்து வளரவும் வெளிச்சம் வேண்டும். இதை இன்று சொல்லவில்லை. இருட்டு நாற்றில் பாதியை யன்னலடியில் வைத்தாயிற்று. திங்கட்கிழமை நிறம் என்னவாகும் என்று 32 கொப்பியிலும் எழுதியிருக்கிறது. இரண்டு கோப்பைக்கும் நல்லாக நீர் விட்டு, ஈரத்துணி போர்த்திவிட்டுப் பூட்டவேண்டும்.