டெல்லி ஜனவரி: சீருடைக்கு உள்ளே என்ன போடுவது?

குடியரசு தின முகாமுக்குத் தேர்வாகும் என்.சி.சி., என்.எஸ்.எஸ். பிள்ளைகளின் வீடுகளில் முதலில் வாங்குவது ஒரு தடித்த ஜாக்கெட். கையில் இருக்கும் பணத்தில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். மிச்சத்தில் சாக்ஸ், பனியன் என்று ஏதோ கிடைத்ததை வாங்குவார்கள். இது தலைகீழான கணக்கு. அணியில் நிற்கும்போது சீருடைக்கு மேல் சொந்த உடை எதையும் போட விடமாட்டார்கள். எனவே குளிரைத் தாங்க வேண்டியது சட்டைக்குள்ளும் பூட்ஸுக்குள்ளும் கையுறைக்குள்ளும் இருப்பவைதான். ஜாக்கெட் மாலையில் சாப்பாட்டுக்குப் போய்வரவும் இரவில் போர்வைக்கு மேல் விரிக்கவும்தான் உதவும். வடநாட்டுக்குப் போய்வந்த சொந்தக்காரர் யாரிடமாவது அதை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பணத்தைக் கீழே சொல்லும் பொருட்களில் போடுங்கள்.

சென்னையில் ஜனவரி விடியற்காலையில் 21 டிகிரி செல்சியஸ் இருக்கும். டெல்லியில் அதே நேரத்தில் சராசரியாக 7 டிகிரி. குளிர் அலை வந்தால் 3, 4 வரை இறங்கும். மூடுபனி விலகாத நாளில் பகலிலும் 15 டிகிரியைத் தாண்டாது. தெர்மாமீட்டர் காட்டும் எண்ணைவிடப் பெரிய தொல்லை, முகாமின் தினசரி ஒழுங்கு. இருட்டோடு எழ வேண்டும். அரை மணி நேரம் வேகமாக டிரில் செய்வார்கள், உடம்பு வியர்க்கும். பிறகு 'விஷ்ராம்' சொல்லி நீண்ட நேரம் நிறுத்தி வைப்பார்கள். அந்த நிற்கும் நேரத்தில்தான் நடுக்கம் பிடிக்கும். ஈரத் துணி உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். காய்ந்த துணியின் இழைகளுக்கு இடையே நிற்கும் காற்றுதான் சூட்டைக் காக்கும். ஆகவே தோலை ஒட்டி என்ன துணி இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

நம் ஊர்ப் பருத்தி பனியன் அந்த இடத்துக்கு ஆகாது. வியர்வையைக் குடித்துக்கொண்டு மணிக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். அதற்குப் பதில், விளையாட்டு டீ-சர்ட் தைக்கும் பாலியஸ்டர் துணியில், கடைக்காரர்கள் 'டிரை-ஃபிட்' என்று சொல்வதில், முழுக்கை பனியன் ஒன்றை உடம்போடு ஒட்டினாற்போல வாங்குங்கள். திருப்பூர் காதர்பேட்டைக் கடைகளில் ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்காக இது மலிவாகக் கிடைக்கும். 150 முதல் 250 ரூபாய்க்குள் முடியும். அதற்கு மேல்தான் தெர்மல், அதாவது குளிருக்கென்றே தைத்த உள்ளாடை. பெயர்பெற்ற கம்பெனிகளின் சாதாரண தெர்மல்கள் பெரும்பாலும் பருத்தி கலந்தவை. அவற்றை நேராகத் தோலில் போட்டு டிரில் செய்தால் பனியன் கதைதான். டிரை-ஃபிட்டுக்கு மேல் போட்டால் நன்றாக வேலை செய்யும். லேபிளில் பாலியஸ்டரோ விஸ்கோஸோ பாதிக்கு மேல் இருந்தால் சூடு குறைவு என்று கடையில் சொல்வார்கள், அதை அப்படியே நம்ப வேண்டாம். பாலியஸ்டர் சீக்கிரம் காயும், அது நமக்கு நல்லது. விஸ்கோஸ்தான் பருத்தியைப் போலவே தண்ணீரைப் பிடித்து வைக்கும்.

தெர்மல் மேலாடை வாங்கும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள். கழுத்து 'வி' வடிவில் இறங்கியிருக்க வேண்டும். வட்டக் கழுத்து, சட்டைக் காலரின் திறப்பில் எட்டிப் பார்க்கும், ஆய்வில் முதலில் கண்ணில் படுவதும் அதுதான். வட்டக் கழுத்துதான் கிடைத்தது என்றால் தையல்காரரிடம் கொடுத்து இரண்டு அங்குலம் இறக்கி ஓவர்லாக் அடித்துவிடலாம். அடுத்து, நீளம் இடுப்பெலும்புக்குக் கீழே நன்றாக இறங்க வேண்டும். குட்டையாக இருந்தால் கையைத் தோள் உயரத்துக்கு வீசும் ஒவ்வொரு முறையும் பெல்ட்டிலிருந்து வெளியே வந்து, முதுகின் கீழ்ப்பகுதி காற்றுக்குத் திறந்துவிடும். கடைசியாக நிறம். வெள்ளைச் சட்டைக்குள் வெள்ளைத் தெர்மல் போட்டால் அதன் விளிம்பு பளிச்சென்று தெரியும். தோல் நிறத் தெர்மல் என்றால் தெரியாது. காக்கிக்குள் எந்த நிறமும் பரவாயில்லை, ஆனால் கையின் முனை மணிக்கட்டைத் தாண்டி வெளியே வரக்கூடாது.

காதர்பேட்டைக்குப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே 'ஃபிளீஸ்' என்று கேட்டால் உள்பக்கம் பஞ்சுபோலச் சுரண்டிய பருத்தி ஸ்வெட்-சர்ட் துணியை எடுத்துக் கொடுப்பார்கள். சதுர மீட்டருக்கு 280, 300 கிராம் எடை வரும். கைக்குக் கதகதப்பாக இருக்கும், ஆனால் ஈரமானால் இரண்டு நாளாகும் காய. நீங்கள் தேடுவது 'போலார் ஃபிளீஸ்', முழுக்கப் பாலியஸ்டர். சட்டைக்கும் சீருடை ஸ்வெட்டரான ஜெர்சிக்கும் இடையில் போட 100 கிராம் எடையுள்ள மெல்லியது போதும். 200 கிராம் போட்டால் அக்குள் இறுகி, கைவீச்சு பாதியில் நின்றுவிடும். கடையில் வாங்குமுன் ஒரு சோதனை: துணியைக் கைக்குள் கசக்கிவிட்டு விடுங்கள். உடனே எழும்பினால் நல்லது, சப்பையாகவே கிடந்தால் வைத்துவிடுங்கள்.

ஸ்வெட்டர் வேண்டும் என்றால் குளிர் மாதங்களில் நம் ஊர்களுக்கு வரும் திபெத்திய வியாபாரிகளின் கடைகள் நல்ல இடம். அங்கே 'உல்லன்' என்று சொல்வதில் பெரும்பாலானவை ஆக்ரிலிக்தான். அதில் தவறில்லை, விலை மட்டும் ஆக்ரிலிக் விலையாக இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் வாங்கிய பிறகு தையலோரத்தில் தொங்கும் ஒரு நூலை வெளியில் வைத்து எரித்துப் பாருங்கள். கம்பளி, முடி கருகும் வாடையோடு எரிந்து, நெருப்பை எடுத்ததும் தானே அணையும், சாம்பல் விரலில் பொடியாகும். ஆக்ரிலிக் உருகி, கெட்டியான கறுப்பு மணியாக நிற்கும். வெறும் ஸ்வெட்டர் காற்றைத் தடுக்காது, அதற்கு மேல் ஏதாவது நெருக்கமாக நெய்த துணி இருந்தால்தான் அது சூடு தரும். எனவே சீருடைச் சட்டைக்குள் மெல்லிய ஸ்வெட்டர் பலன் தரும். மேலே தனியாகப் போட்டுக்கொண்டு காற்றில் நின்றால் ஏமாற்றம்தான்.

பாதத்துக்கு வருவோம். செலவு செய்யத் தகுந்த இடம் இதுதான், ஆனால் மிக அதிகமாகக் கோட்டை விடுவதும் இங்கேதான். குளிருக்குப் பயந்து இரண்டு தடித்த சாக்ஸை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, அளவெடுத்து வாங்கிய பூட்ஸுக்குள் திணிப்பார்கள். விரல்கள் நசுங்கும், ரத்த ஓட்டம் குறையும், ஒற்றைச் சாக்ஸ் போட்டவனைவிட அதிகமாகக் குளிரும். சரியான வழி: அடியில் மெல்லிய நைலான் அல்லது பாலியஸ்டர் சாக்ஸ், மேலே கம்பளி கலந்த ஒரு தடித்த சாக்ஸ், இந்த இரண்டையும் போட்டுக்கொண்டுதான் பூட்ஸ் அளவு பார்க்க வேண்டும். லேஸ் கட்டியபின் உள்ளே விரல்களை மடக்கி நீட்ட முடிய வேண்டும். முடியவில்லை என்றால் அரை அளவு பெரியது கேளுங்கள். அது கிடைக்காவிட்டால் மெல்லிய சாக்ஸைத் தவிர்த்துவிட்டுத் தடித்தது ஒன்றோடு நிறுத்துங்கள். தரையின் குளிர் அடியிலிருந்து ஏறும் என்பதால், கம்பளி நமுதா (கம்பளியை அழுத்திச் செய்த தடித்த துணி) அல்லது தடித்த அட்டை போன்ற உள்ளங்கால் தகடு ஒன்று வைப்பது எந்தச் சாக்ஸையும்விடப் பலன் தரும். அதற்கும் சேர்த்தே இடம் பாருங்கள்.

சாக்ஸ் குறைந்தது நான்கு ஜோடி. காலையில் டிரில் முடிந்ததும் ஈரச் சாக்ஸைக் கழற்றி, பாதத்தைத் துடைத்து, காய்ந்ததைப் போடுங்கள். இரவு தூங்குவதற்கு ஒரு ஜோடியைத் தனியாக ஒதுக்கி வையுங்கள், அதைப் பூட்ஸுக்குள் நுழைக்கவே கூடாது. ஈரமும் குளிரும் சேர்ந்து, பிறகு ஹீட்டர் முன்னால் காலை நீட்டிச் சட்டென்று சூடேற்றினால், விரல்களில் சிவந்து வீங்கி, அரிப்பெடுக்கும் புண்கள் வரும். இதற்கு உறைபனி தேவையில்லை, டெல்லிக் குளிரே போதும். வெந்நீரில் காலை வைக்காமல், உலர்ந்த சாக்ஸும் போர்வையும் போட்டு மெதுவாகச் சூடேற விடுங்கள். தோல் உடைந்தால் முகாம் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், அணியிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று மறைக்க வேண்டாம்.

கைக்கு: அணிவகுப்புக்குரிய வெள்ளைப் பருத்திக் கையுறை மெலிதானது. அதற்குள் தோல் நிறத்திலோ வெள்ளையிலோ மெல்லிய பாலியஸ்டர் உள்கையுறை போடலாம், வெள்ளைக் கையுறை ஓர் அளவு பெரியதாக இருந்தால். துப்பாக்கி டிரில் செய்பவர்கள் இந்த இரட்டைக் கையுறையோடு ஊரிலேயே பழகுங்கள். பிடி வழுக்கும், முதல் சில நாட்களுக்கு எண்ணிக்கை பிந்தும்.

பெரே தொப்பி காதை மூடாது. அதற்கு அணியில் ஒன்றும் செய்ய முடியாது. அணியில் சேரும் வரை மங்கி குல்லா போட்டுக்கொண்டு நடந்து, அங்கே கழற்றிப் பாக்கெட்டில் வைக்கிற மாதிரி மெல்லியதாக வாங்குங்கள்.

காலுக்குத் தெர்மல் பேன்ட் ஒன்று போதும், மேலே இன்னொன்று வேண்டாம். முட்டியில் துணி குவிந்து, பேன்ட்டின் இஸ்திரி மடிப்பு கோணலாகிவிடும். கணுக்காலில் ரிப் (இழுபட்டு இறுக்கிப் பிடிக்கும் பட்டை) வைத்தது வாங்கினால் பூட்ஸுக்குள் சுருண்டு ஏறாது. பெண் பிள்ளைகள் பலரும் வீட்டில் இருக்கும் பருத்தி லெக்கிங்ஸையே எடுத்துப் போவார்கள், அது தூங்க மட்டும் சரி. கலைநிகழ்ச்சியில் கரகமோ பரதமோ ஆடுபவர்களுக்கு, உடையின் நிறத்துக்குப் பொருந்தும் மெல்லிய முழுக்கை உள்ளாடை ஒன்று தனியாகத் தேவை. மேடைக்குப் பின்னால் காத்திருக்கும் நேரம் ஆடும் நேரத்தைவிட நீண்டது.

எத்தனை செட்? துவைத்தால் எப்போது காயும் என்பதை வைத்து முடிவெடுங்கள். மூடுபனி நாட்களில் பருத்தி இரண்டு நாள் தொங்கினாலும் ஈரம் போகாது, பாலியஸ்டர் ஒரே நாளில் காய்ந்துவிடும். டிரை-ஃபிட் மூன்று, தெர்மல் மேலாடை இரண்டு, தெர்மல் பேன்ட் இரண்டு என்று வைத்தால் சிக்கல் இல்லை. பிழிந்ததும் காய்ந்த துண்டில் சுருட்டி, மேலே ஏறி மிதித்துவிட்டுத் தொங்கவிட்டால் பாதி நேரம் மிச்சம். ஹீட்டர் மேல் துணி காயப்போடவே கூடாது. பாலியஸ்டர் உருகும், தீப்பிடித்தால் தோலோடு ஒட்டும். ஃபிளீஸுக்கு இஸ்திரி வேண்டாம். கம்பளி கலந்த சாக்ஸை வெந்நீரில் அலசினால் சுருங்கி, குழந்தைச் சாக்ஸாகிவிடும்.

ஜாக்கெட் இரவல், பூட்ஸும் கையுறையும் சீருடையோடு கிடைக்கின்றன என்றால் மொத்தச் செலவு 3,000 ரூபாயை ஒட்டி அடங்கும். கடைக்குக் கடை விலை மாறும். பணம் குறைவு என்றால் வெட்ட வேண்டியது ஸ்வெட்டரை. சாக்ஸில் கை வைக்காதீர்கள். வாங்குமுன் உங்கள் ஏ.என்.ஓ.விடமோ (என்.சி.சி.யைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்) என்.எஸ்.எஸ். திட்ட அலுவலரிடமோ அந்த ஆண்டுக்கு என்ன கொடுக்கிறார்கள், சட்டைக்குள் என்ன அனுமதி என்று கேட்டுவிடுங்கள். சீருடை தைக்க அளவு கொடுக்கும் நாளில் தெர்மலையும் ஃபிளீஸையும் போட்டுக்கொண்டே கொடுங்கள். இந்த ஒன்றைச் செய்யாததால்தான் பலருக்கு நல்ல தெர்மல் இருந்தும் பெட்டியிலேயே கிடக்கிறது. தைத்து வந்ததும் எல்லாவற்றையும் போட்டு, கையை வீசி, சல்யூட் அடித்து, குந்தி எழுந்து பாருங்கள். பொத்தானுக்கு இடையே சட்டை வாய் பிளந்தால் அப்போதே பிரித்துத் தைக்க நேரம் இருக்கும்.

ரயில் பயணத்துக்கு ஒரு செட்டைப் பெட்டியின் மேலேயே வையுங்கள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பரில் போனால் முதல் இரவும் மறுநாள் பகலும் ஒன்றும் தெரியாது. இரண்டாம் இரவு போபாலைத் தாண்டியதும் ஜன்னல் இடுக்கு வழியாகக் குளிர் இறங்கும், அந்த நேரத்தில் எல்லோரும் தூங்கும் இருட்டில் சீட்டுக்கு அடியில் பெட்டியை இழுத்துத் தேட முடியாது.