இரண்டு கட்டையில் நிற்கும் குழல்

ஒத்திகைக்கு வந்ததும் அந்தப் பாடகி கேட்ட முதல் கேள்வி, "எத்தனை பார், அதாவது தாளச் சுற்று, கழித்து நான் ஆரம்பிக்கணும்?" பைப்ஸ் என்கிற காற்றுப்பைக் குழல் வாசிப்பவர் துருத்தியை இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தார். நிமிராமலே, "நாங்க மூச்சு வாங்கும்போது" என்றார். பாடகி சிரித்தார். அவர் சிரிக்கவில்லை. அன்றைக்கு என் வேலை சுலபமாக இருக்காது என்று அப்போதே புரிந்துவிட்டது.

அயர்லாந்தின் மேற்கே, கால்வேயில், நான் மேடை ஒலி பார்த்துக்கொண்டிருந்தேன். சில வருடங்கள் ஒரு பாரம்பரிய இசைக்குழுவோடு ஊர் ஊராகப் போனேன். ஐந்து பேர்: பிடில், மரப் புல்லாங்குழல், கிதார், பௌரான் என்கிற ஆட்டுத்தோல் கைப்பறை, இல்லன் பைப்ஸ். பாடுகிறவர் ஒருவரும் இல்லை. அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் வெளியிலிருந்து யாராவது ஒரு பாடகர் விருந்தாளியாக வருவார்.

இந்த இல்லன் பைப்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்துக்காரர்கள் நின்றுகொண்டு வாயால் ஊதுகிற ரகம் இல்லை. உட்கார்ந்துதான் வாசிப்பார்கள். வலது முழங்கைக்கடியில் ஒரு துருத்தி, இடது முழங்கைக்கடியில் காற்றுப் பை. ஐரிஷ் மொழியில் 'இல்லன்' என்றால் முழங்கைதான். நம் நாகஸ்வரத்துக்குச் சீவாளி எப்படியோ, இதற்கும் உள்ளே நாணல் சீவாளி. மழை பெய்தால் ஒரு மாதிரி, ஹாலில் ஹீட்டர் போட்டால் வேறு மாதிரி. கூடவே தம்புரா போல விடாமல் ஒலிக்கிற மூன்று குழல்கள். எல்லாம் சேர்ந்து நிற்பது மேற்கத்தியக் கணக்கில் டி என்கிற ஸ்வரத்தில், அதாவது நம் கணக்கில் இரண்டு கட்டையில்.

பாடகிக்கு வசதியானது இரண்டரை.

கிதார்காரர் முதல் ஃப்ரெட்டில், அதாவது முதல் கட்டத்தில், கேப்போ என்கிற சுருதி ஏற்றும் கிளிப்பை மாட்டிவிட்டுத் தயாராக இருந்தார். பிடிலை முறுக்கி ஏற்றலாம், தந்தி போனால் போகிறது. பைப்ஸ் நகராது. சுருதி மாற வேண்டுமென்றால் வாத்தியமே மாற வேண்டும். தாழ்ந்த சுருதிகளில் தனித்தனி செட்டுகள் உண்டு. ஒவ்வொன்றும் பல ஆயிரம் யூரோ. இவரிடம் இருந்தது ஒன்றுதான். அதை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தார். அவ்வளவுதான், பேச்சுவார்த்தை முடிந்தது.

அரைக் கட்டைதானே என்று பாடாதவர்கள் சொல்லிவிடலாம். மேல் ஸ்தாயியில் பாடகி நம்பியிருந்த பளபளப்பு அந்த அரைக் கட்டையில்தான் இருந்தது. இரண்டு தடவை பாடிப் பார்த்து முகம் சுளித்தார். மூன்றாவது தடவை குரலைத் தள்ளுவதை விட்டுவிட்டு, ஏறக்குறைய பேசுகிற மாதிரி பாடினார். வார்த்தைகள் முதல்முறையாகக் காதில் விழுந்தன. எனக்குப் பிடித்திருந்தது. அவருக்குப் பிடிக்கவில்லை என்று அவருடைய மேனேஜர் என்னிடம் வந்து குறைபட்டுக்கொண்டார், ஏதோ நான்தான் ஒலி மிக்ஸரில் சுருதியை இறக்கிவிட்டதைப் போல.

விருந்துப் பாடகர்கள் என்ற பேச்சை எடுத்தால் அங்கே யாராக இருந்தாலும் 'தி சீஃப்டன்ஸ்' என்கிற ஐரிஷ் பாரம்பரிய இசைக்குழுவில்தான் தொடங்குவார்கள். பேடி மலோனி 1962-ல் டப்ளினில் தொடங்கியது. அவரும் பைப்ஸ்காரர்தான். 1988-ல் பாடகர் வான் மாரிசனோடு ஒரு முழு ஆல்பம். 1995-ல் வந்த 'தி லாங் பிளாக் வெய்ல்' ஆல்பத்தில் ஸ்டிங், மிக் ஜாகர், ஷினேட் ஓ'கானர், டாம் ஜோன்ஸ் என்று ராக், பாப் பாடகர்களின் பெரிய பட்டாளம். ஸ்டிங் ஐரிஷ் மொழியில் வாயைத் திறந்தார். ரை கூடர் பாடியது, நம்பினால் நம்புங்கள், மலபார்க் கரையைப் பற்றிய பாட்டு. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஐரிஷ் எழுச்சியைப் பற்றிய 'தி ஃபாகி டியூ'வை ஷினேட் பாடியிருப்பதைக் கேட்டால், அவர் விருந்தாளி என்ற நினைப்பே வராது. மற்ற சிலர் பாடும்போது குழு அவர்களுக்குப் பக்கவாத்தியமாகிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். இதை ஒரு பப்பில் சொல்லி ஒரு மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எங்களிடம் வந்தவர்களில் நான் மறக்காதவர் மேற்குக் கடலோரக் கொனமாராவிலிருந்து வந்த ஒரு பாட்டி. ஷான்-நோஸ் என்கிற ஐரிஷ் பாட்டு முறையில் பாடுகிறவர். 'பழைய முறை' என்று அர்த்தம். துணை வாத்தியம் கிடையாது, கட்டாயத் தாளம் கிடையாது, அடிக்கு அடி சங்கதி மாறும். நம் விருத்தம் போல என்றால் பாதி சரி. வீடுகளில் பாடும்போது பக்கத்தில் இருப்பவர் பாடுபவரின் கையைப் பிடித்து மெதுவாகச் சுழற்றிக்கொண்டிருப்பார், கிணற்றில் ராட்டினம் சுற்றுகிற மாதிரி. பாட்டி ஒத்திகைக்கே வரவில்லை. பஸ் தாமதம்.

அன்று கச்சேரி ஒரு பழைய கல் தேவாலயத்தில். இருநூறு பேர் இருப்பார்கள். பைப்ஸ் அரை நிமிடம் சுருதி கொடுக்கும், பிறகு பாட்டி ஆரம்பிப்பார் என்று ஏற்பாடு. நாற்காலி கிறீச்சிடுவது கேட்கக்கூடாதென்று அவருடைய மைக்கின் ஒலியை ஏற்றி இறக்குகிற ஃபேடரைக் கீழே வைத்திருந்தேன். பாட்டி உட்கார்ந்தார், கண்ணை மூடினார், யாருக்கும் காத்திருக்காமல் பாடத் தொடங்கிவிட்டார்.

முதல் வரி மைக்கே இல்லாமல் போய்விட்டது. என் விரல் ஃபேடருக்குப் பாய்ந்தது. மேடையிலிருந்து பிடில்காரர் என்னைப் பார்த்து, தாடையை மட்டும் லேசாக இடவலமாக அசைத்தார். அப்படியே விட்டேன். இருமிக்கொண்டிருந்தவர்கள் இருமலை நிறுத்தினார்கள். முன்வரிசையில் ஒருவர் கோட்டைக் கழற்றும் முயற்சியைப் பாதியில் விட்டுவிட்டு, ஒரு கை உள்ளேயும் ஒரு கை வெளியேயுமாக உட்கார்ந்திருந்தார்.

பாட்டி பிடித்த சுருதி ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவே எங்கோ இருந்தது. எந்தப் பைப்ஸிலும் இல்லாத இடம். பிடில்காரர் தடவித் தடவி அதைக் கண்டுபிடித்து, மூன்றாவது அடியில், அடித்தந்தியில் ஒரே ஒரு ஸ்வரத்தை வைத்தார். இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு. பைப்ஸ்காரர் சத்தம் வராமல் துருத்தி வாரை அவிழ்த்து, வாத்தியத்தை மடியில் படுக்கவைத்தார். பாட்டு முடியும்வரை அதைத் தொடவில்லை.

பிறகு உள்ளே தேநீர் குடிக்கும்போது பாட்டி என்னைக் கூப்பிட்டார். "நல்லாக் கேட்டுச்சா, அ விக்?" 'மகனே' என்று அர்த்தம். கடைசி வரிசைவரை கேட்டது என்றேன். மைக்கைப் பற்றி வாய் திறக்கவில்லை. பிடில்காரர்தான் அந்த வருடம் முழுக்க, எந்த ஊரில் யார் பாட வந்தாலும், சவுண்ட் செக் முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "ஏத்திடாதே" என்பார்.