வேலை போனதைச் சொல்லத் தெரிய வேண்டும்

ஆட்குறைப்பில் ஐடி வேலையை இழந்தவர்கள் முதலில் திறப்பது ரெஸ்யூமைத்தான். அதில் தப்பில்லை. நானும் அப்படி வெளியே வந்து, வேறு இடத்தில் சேர்ந்து, அப்புறம் இன்டர்வியூ எடுப்பவர்கள் பக்கமும் சில வருடங்கள் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பக்கமும் பார்த்ததில் ஒன்று எனக்கு உறுதியாகத் தெரிகிறது. வேலை போனதை ஒருவர் யாரிடம் சொல்கிறார், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறார், சொல்லும்போது அவர் குரல் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த வேலை வந்து சேர்கிறது. ரெஸ்யூம் அதற்குத் துணை நிற்கிறது, அவ்வளவுதான்.

சொல்வது சுலபமில்லை. விஷயம் நம்மை வந்தடையும் விதமே அப்படி. காலண்டரில் தலைப்பு தெளிவாக இல்லாத ஒரு சின்ன மீட்டிங் வந்து விழும். சேர்ந்தால் மேனேஜரோடு ஹெச்.ஆர். ஆள் ஒருவரும் இருப்பார். எழுதி வைத்திருப்பதை வாசிப்பார்கள். என் மேனேஜர் வாசித்தபோது அவர் கண் திரையை விட்டு நகரவே இல்லை. எனக்கு நன்றி சொல்லும் இடத்தில் மட்டும் கொஞ்சம் தடுமாறினார். மீட்டிங் முடிவதற்குள் மெயில் என்னை வெளியே தள்ளிவிட்டது. வருடக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்த டீம் சாட், பாதியில் நின்ற புரோகிராம், அடுத்த வாரம் போக வேண்டிய ரிலீஸ் எல்லாமே அதோடு கைவிட்டுப் போயின. கூட வேலை பார்த்தவர்களிடம் போய்வருகிறேன் என்று சொல்லக்கூட வழியில்லை. அந்த நேரத்தில் மனம் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொள்ளும்: நான் எதில் குறைந்துபோனேன்?

அதற்கான பதில் பெரும்பாலும் நம் வேலையில் இருக்காது. 2020, 2021இல் எல்லோரும் வீட்டிலிருந்தே வாங்கவும் பேசவும் வேலை பார்க்கவும் தொடங்கியபோது பெரிய மென்பொருள் நிறுவனங்கள் ஆட்களை அள்ளிச் சேர்த்தன. 2022 மார்ச்சில் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை ஏற்றத் தொடங்கியது. ஏறக்குறைய பூஜ்யத்தில் இருந்த விகிதம் 2023 ஜூலைக்குள் 5 சதவீதத்தைத் தாண்டியது. கடன் வாங்குவது செலவாகிப் போனதும், முதலீடு போட்டவர்கள் வளர்ச்சி போதும், லாபத்தைக் காட்டு என்றார்கள். 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேருக்கு மேல் வீட்டுக்கு அனுப்பியது. 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் 10,000 பேரையும் கூகுள் 12,000 பேரையும் அனுப்பப்போவதாக அறிவித்தன. இன்றிருப்பதைவிட வேறு மாதிரியான ஒரு பொருளாதாரச் சூழலுக்காக ஆள் எடுத்துவிட்டோம் என்று சுந்தர் பிச்சை தன் கடிதத்திலேயே எழுதினார். இவ்வளவு பெரிய எண்ணிக்கையை முதலில் முடிவு செய்துவிட்டு அப்புறம் பெயர்களைத் தேடும்போது, நன்றாக வேலை பார்த்தவர்களும் அதில் வந்துவிடுவார்கள்.

இந்த விவரங்களைத் தெரிந்துகொண்டால் துக்கம் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இது தெரியாமல் இருப்பவர்கள் வேலை போனதைத் தங்கள் குற்றம்போலச் சொல்கிறார்கள், அல்லது பழைய நிறுவனத்தின் துரோகமாகச் சொல்கிறார்கள். இரண்டுமே எதிரே இருப்பவரைக் கொஞ்சம் பின்வாங்க வைக்கும்.

இதைப் பற்றி 1994இல் வெளியான ஒரு ஆய்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் செய்தது. கணினி, மின்னணுத் துறையில் வேலை போன 63 பேரைச் சேர்த்தார்கள். சிலரை, வேலை இழந்ததைப் பற்றி மனதில் இருப்பதையெல்லாம் சில நாட்கள் எழுதச் சொன்னார்கள். சிலரை வேறு சாதாரண விஷயங்களை எழுதச் சொன்னார்கள். மற்றவர்களை எதையும் எழுதச் சொல்லவில்லை. மனதில் இருந்ததை எழுதியவர்களுக்குத்தான் சீக்கிரம் வேலை கிடைத்தது. அவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக ஓடியாடித் தேடினார்கள் என்பதும் இல்லை. பழைய வேலையைப் பற்றியும் புது வேலையைப் பற்றியும் அவர்களுடைய மனநிலை மாறியிருந்தது என்றுதான் ஆய்வாளர்கள் கருதினார்கள்.

நான் எழுதினேன். கையால், ஒரு நோட்டில். முதல் பக்கங்கள் முழுக்கக் கோபம். தூக்கம் விட்டுப் பார்த்த ரிலீஸ்கள், வேறு ஒருவர் பெயரில் போன என் யோசனைகள், லீவில் இருக்கும்போது வந்த போன்கள். எழுத எழுத, எவ்வளவோ விஷயங்கள் எனக்கு அந்த வேலையில் பிடித்திருந்தன என்பதும் வெளியே வந்தது. நள்ளிரவில் சர்வர் படுத்துவிட்டால் நான்கு பேர் சேர்ந்து காரணத்தைத் துரத்திப் பிடிக்கும் அந்தப் பரபரப்பை நான் உண்மையாகவே நேசித்திருக்கிறேன். அதற்கப்புறம், ஏன் வெளியே வந்தீர்கள் என்று கேட்டால் சொல்ல வேண்டிய பதில் தானாகச் சுருங்கியது. “நான் இருந்த பிரிவை நிறுத்திவிட்டார்கள். டீமில் பலரோடு நானும் வெளியே வந்தேன். கடைசியாக நான் பார்த்துக்கொண்டிருந்தது பணப் பரிவர்த்தனைகளை இரவில் சரிபார்க்கும் சிஸ்டம்.” இதில் மூன்றாவது வாக்கியம்தான் முக்கியம். அதைச் சொன்னதும் எதிரே இருப்பவர் அந்த சிஸ்டத்தைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிடுவார். பேச்சு வேலைக்குத் திரும்பிவிடும்.

சரி, யாரிடம் சொல்வது? நெருங்கியவர்களிடம் சொல்லத்தான் மனம் வரும். சொல்லுங்கள், அது நம்மைத் தாங்கும். ஆனால் வேலை பெரும்பாலும் அங்கிருந்து வருவதில்லை. மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் பாஸ்டன் அருகே நியூட்டனில் வேலை மாறியவர்களிடம் விசாரித்து 1973இல் எழுதினார். தெரிந்தவர் மூலம் வேலை பிடித்தவர்களில், அடிக்கடி சந்திக்கும் ஒருவர் மூலம் பெற்றவர்கள் சுமார் 17 சதவீதம்தான். எப்போதாவது சந்திப்பவர் மூலம் பெற்றவர்கள் பாதிக்கு மேல். வருடத்துக்கு ஒரு முறையோ அதற்கும் குறைவாகவோ பார்ப்பவர்கள் மூலம் பெற்றவர்கள் சுமார் 28 சதவீதம். பிறகு 2022இல், லிங்க்ட்இன்னில் 2 கோடிக்கு மேற்பட்டவர்களை ஐந்து வருடங்கள் கவனித்து வெளிவந்த ஆய்வும் கிட்டத்தட்ட இதையேதான் காட்டியது: ஓரளவு தூரத்துப் பழக்கமே புது வேலைக்கு அதிகம் உதவுகிறது. காரணம் எளிது. நம் டீம்காரர்களுக்குத் தெரிந்த காலியிடங்கள் நமக்கும் தெரியும். அதுவும் போக, ஆட்குறைப்பு வரும்போது அவர்களும் நம்மோடு சேர்ந்து வெளியே நிற்கிறார்கள். தூரத்தில் இருப்பவர்தான் வேறு வட்டத்தில் இருக்கிறார்.

என் விஷயத்தில் அது பல வருடங்களுக்கு முன்னால் வேறு டீமில் டெஸ்டராக இருந்த ஒரு அக்கா. என் புரோகிராமில் குறை கண்டுபிடித்து டிக்கெட் போடுவார், நான் சரிசெய்து அனுப்புவேன். எங்களுக்குள் பழக்கம் அவ்வளவுதான். நான் எழுதியது இது: “அக்கா, நல்லா இருக்கீங்களா? போன வாரம் எங்க டீமை நிறுத்திட்டாங்க, நானும் வெளிய வந்துட்டேன். ஜாவா பேக்எண்ட், பேமென்ட் சம்பந்தமான வேலை தேடுறேன். உங்க இடத்துல ஏதாவது இருந்தா சொல்லுங்க. இல்லைன்னாலும் பரவாயில்லை, உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு.” அன்று இரவே பதில் வந்தது. “நான் போடும் பக்கை (குறையை) எதிர்த்து வாதாடாமல் திரும்பச் செய்து பார்க்கும் ஆள் நீ ஒருத்தன்தான், ரெஸ்யூம் அனுப்பு” என்று. என்னை யாரோ அப்படி நினைவு வைத்திருக்கிறார்கள் என்பதே எனக்குத் தெரியாது. அந்தப் பரிந்துரைதான் கடைசியில் வேலையானது.

அந்த மெசேஜில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். என்ன வேலை வேண்டும் என்பது அதில் இருக்கிறது. “ஏதாவது இருந்தா சொல்லுங்க” என்று மட்டும் எழுதினால், உதவ நினைப்பவருக்குக்கூட எதைத் தேடுவது என்று தெரியாது. பொதுவாக எழுதிய மெசேஜ்கள் என்னிடமும் இப்போது வருகின்றன. மனம் இருந்தும் என்னால் எதுவும் செய்ய முடிவதில்லை.

ரெஸ்யூமுக்கும் இதே கதைதான். என்னுடையதில் “பேமென்ட் மாட்யூலுக்குப் பொறுப்பேற்றுச் செயல்பட்டேன்” என்று ஒரு வரி இருந்தது. அந்த அக்கா அதைப் படித்துவிட்டு, “இதில் நீ என்ன செய்தாய்?” என்று கேட்டார். ஒரு மணி நேரம் போனில் பேசி, அந்த வரி இப்படி மாறியது: “இரவு ஓடும் சரிபார்ப்பு புரோகிராமைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒரே நேரத்தில் ஓட வைத்தேன், விடியும்வரை இழுத்துக்கொண்டிருந்தது நள்ளிரவுக்கு முன்பே முடிந்தது, பாதியில் நின்றால் நின்ற இடத்திலிருந்தே தொடரும்படி செய்தேன்.” இன்டர்வியூவில் எல்லோரும் இந்த வரியைப் பிடித்துத்தான் கேட்டார்கள். இன்னொன்று: மெயில் மூடிய பிறகு இந்த விவரங்களை நினைவுபடுத்துவது கஷ்டம். வேலையில் இருக்கும்போதே, நிறுவனத்தின் ரகசியம் எதுவும் வராமல், செய்ததைத் தன் சொந்த நோட்டில் மாதம் ஒரு முறை குறித்து வைத்துக்கொள்வது நல்லது. கூட வேலை பார்ப்பவர்களின் சொந்த போன் நம்பரையும்தான்.

கோர்ஸ்கள் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். வேலை போனதும் கிளவுட், மெஷின் லேர்னிங் என்று வரிசையாகச் சேருகிறவர்களைப் பார்க்கிறேன். தேடும் வேலைக்கு உண்மையிலேயே தேவைப்படும் ஒன்றைக் கற்பது சரி. கோடிங் டெஸ்டுக்குத் திரும்பவும் ட்ரீ, கிராஃப் மாதிரியான அடிப்படைக் கணக்குகளைப் போட்டுப் பழகுவதும் சரி, அனுபவம் எவ்வளவு இருந்தாலும் அதைக் கேட்கத்தான் போகிறார்கள். ஆனால் மனிதர்களோடு பேசுவதைத் தள்ளிப்போட ஒரு சான்றிதழ் ரொம்ப வசதியான காரணமாகிவிடுகிறது.

தேடும் நாட்களின் சங்கடம் வேறு. பணம் குறைவது தெரிந்த கஷ்டம். நாள் நீண்டுபோவது தெரியாத கஷ்டம். 1930களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவில் மரியன்தால் என்ற ஊரில் ஆலை மூடப்பட்டு ஊரே வேலை இழந்தது. மரீ யஹோடா என்ற சமூக உளவியலாளர் இருந்த ஆய்வுக் குழு அந்த ஊரை ஆராய்ந்தபோது, வீதியில் நடந்துபோகும் ஆண்களின் வேகத்தைக்கூட அளந்தார்கள். அவசரமே இல்லாத மனிதர்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். சம்பளத்தைத் தவிர ஒரு வேலை என்னென்ன தருகிறது என்று யஹோடா பிற்பாடு எழுதினார்: நாளுக்கு ஒரு ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர்கள், சேர்ந்து செய்ய ஒரு காரியம், ஒரு மதிப்பு, சும்மா இருக்காமல் இருக்க ஒரு கட்டாயம். எனக்கு இதைப் படித்தபோதுதான், மதியம் மூன்று மணிக்கு ஏன் அப்படி ஒரு சோர்வு வந்தது என்று புரிந்தது. காலையில் விண்ணப்பங்கள், மதியம் போன், மாலை நடை என்று நானே ஒரு ஒழுங்கு போட்டுக்கொண்டேன். மதியம் யாராவது ஒருவரிடம் குரலால் பேசுவது என்பதை மட்டும் விடவே இல்லை. வீட்டில் பிள்ளைகளிடமும் உள்ளதைச் சொன்னோம். “அப்பா இப்ப வேலை தேடுறேன், அதுதான் அப்பாவுக்கு இப்ப வேலை” என்றதும் என் மகள், “லீவு உண்டா?” என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை உண்டு என்று முடிவு செய்தோம்.

பதில் வராத மெயில்கள் ஏராளம். மூன்று சுற்று முடித்து, எல்லோரும் நன்றாகப் பேசி, அப்புறம் பேச்சு மூச்சே இல்லாமல் போனவர்களும் உண்டு. அந்த இடமே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கலாம், உள்ளேயே ஒருவருக்குப் போயிருக்கலாம். இன்டர்வியூ எடுக்கும் பக்கம் வந்த பிறகு இதை நேரில் பார்த்தேன். ஆளை எல்லோருக்கும் பிடித்திருந்தும், காலியிடத்தையே மேலிருந்து ரத்து செய்த சம்பவம் எங்களுக்கு நடந்திருக்கிறது. நல்ல செய்தி எதிர்பார்த்திருக்கும் ஒருவருக்கு அதைப் போன் போட்டுச் சொல்வதுதான் மரியாதை என்று நான் சண்டை போட்டு, நானே கூப்பிட்டுச் சொன்னேன்.

கடைசியில் கிடைத்த வேலையில் பதவி ஒரு படி கீழே, சம்பளமும் கொஞ்சம் குறைவு. ஏற்றுக்கொண்டேன். டீம் நல்ல டீமாகத் தெரிந்தது, வேலை எனக்குப் பிடித்த வேலை. பழைய சம்பளத்தை எட்டும்வரை காத்திருக்கும் அளவுக்குச் சேமிப்பு இருப்பவர்கள் காத்திருக்கலாம். அது அவரவர் வீட்டுக் கணக்கு.

இப்போது என்னிடம் இன்டர்வியூவுக்கு வருபவர்களின் ரெஸ்யூமில் சமீபத்தில் ஒரு இடைவெளி இருந்தால், அவர்கள் அதை எங்கே சொல்வது என்று தவித்துக்கொண்டிருப்பது முதல் சில நிமிடங்களிலேயே தெரியும். நானே முதலில் சொல்லிவிடுவேன்: “நானும் லேஆஃபில் வெளியே வந்தவன்தான். அதை விடுங்கள், கடைசியாக நீங்கள் கட்டிய சிஸ்டத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.” அதன் பிறகு அவர்கள் பேசும் பேச்சே வேறு. வேலையில் இருப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தூரத்துப் பழக்கம் ஒருவர் வேலை போய்விட்டது என்று எழுதினால், ஆறுதலோடு நிறுத்தாமல், என்ன வேலை தேடுகிறார் என்று கேளுங்கள். ரெஸ்யூமை வாங்கி உள்ளே அனுப்புங்கள். உங்கள் இடத்தில் ஒன்றும் இல்லையென்றால் அதையும் இரண்டே நாளில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், அவர் அடுத்தவரைக் கேட்பார்.