சிற்றூர் வானொலிகளைக் கைகழுவும் பெருநிறுவனங்கள்

அமெரிக்காவில் ஒரே நிறுவனம் 40 வானொலி நிலையங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற வரம்பை 1996-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் நீக்கியதும், கிளியர் சேனல் நிறுவனம் சில ஆண்டுகளிலேயே 1,200-க்கும் மேற்பட்ட நிலையங்களை வாங்கிக் குவித்தது. 2006 நவம்பரில், மக்கள்தொகையில் முதல் 100 வானொலிச் சந்தைகளுக்கு (அதாவது பெரிய நகரப் பகுதிகளுக்கு) வெளியே இருந்த 448 நிலையங்களை விற்கப்போவதாக அதுவே அறிவித்தது.

வடக்கு டகோட்டாவின் மைனட் நகரில், 2002 ஜனவரியில் பின்னிரவில் சரக்கு ரயில் தடம்புரண்டு அம்மோனியா பரவியபோது, அந்நகரின் ஆறு வணிக வானொலிகளும் இந்நிறுவனத்திடமே இருந்தன. ஆனாலும் மக்களுக்கு வானொலி எச்சரிக்கை உரிய நேரத்தில் கிடைக்கவில்லை. இதைப் படித்தது முதல் இத்தகைய விற்பனைகளை நான் வரவேற்கவே செய்கிறேன். ஆனால், வாங்குபவர் அவ்வூரிலேயே வாழ்பவராக இருந்து, இரவிலும் ஒலிபரப்பு அறையில் ஓர் ஆளை அமர்த்த வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.